பழைய வீட்டில் எந்தக் காலத்தைக் காப்பாற்றுவது? ஹிஸ்டாரிக் ப்ரிசர்வேஷன் முதுகலைப் படிப்புக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மான்ட்பீலியர் என்றொரு பண்ணை வீடு இருக்கிறது. நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசன் வாழ்ந்த வீடு. 1760-களில் அவருடைய அப்பா கட்டியது. பிறகு மேடிசன் இரண்டு முறை பெரிதாக்கினார். அவர் காலத்துக்குப் பின் மனைவி டாலி அதை விற்க, பல கை மாறி 1901-ல் டூபான்ட் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. பெரும் பணக்காரர்கள். வீட்டை இரண்டு மடங்குக்கும் மேல் நீட்டிக் கட்டினார்கள். அந்த வீட்டில் வளர்ந்த மேரியன் டூபான்ட் குதிரைப் பந்தய உலகில் பெரிய பெயர். அவருடைய 'பேட்டில்ஷிப்' என்ற குதிரைதான் 1938-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது.

1984-ல் வீடு, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. இப்போது சொல்லுங்கள்: இது மேடிசன் வீடா, டூபான்ட் வீடா? பார்க்க வருகிறவர்கள் மேடிசனைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் டூபான்ட் கட்டிய பகுதிகளுக்கும் அதற்குள் எண்பது வயது ஆகிவிட்டது. அதுவும் வரலாறுதானே? இடித்தால் திரும்ப வராது. விட்டால் மேடிசன் வீடு உள்ளே புதைந்தே கிடக்கும்.

ஹிஸ்டாரிக் ப்ரிசர்வேஷன் முதுகலைப் படிப்பு என்பது, சுருக்கமாகச் சொன்னால், இந்த மாதிரிக் கேள்விக்கு ஆதாரத்தோடு விடை சொல்லப் பழகுவது. தமிழில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு என்று சொல்லலாம். 'பழைய பில்டிங்கை ரிப்பேர் பண்றதுக்கு எதற்கு ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ்?' என்று வீட்டில் கேட்பார்கள். ரிப்பேர் பண்ண நல்ல கொத்தனாரும் தச்சரும் போதும். எதை ரிப்பேர் செய்வது, எதைத் தொடாமல் விடுவது, எந்தக் காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுபோவது, அதை யார் தீர்மானிப்பது என்பதற்குத்தான் படிப்பு. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தொல்லியல் பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டிப் படிக்கிறது. இந்தத் துறை நிற்கிற கட்டடத்தை, பல சமயம் ஆள் குடியிருக்கிற கட்டடத்தையே, கையாளுகிறது. எதிரே நிற்கிற வீட்டுக்காரரோடு பேசவும் தெரிந்திருக்க வேண்டும்.

மான்ட்பீலியரில் என்ன நடந்தது? 2003-ல் தொடங்கி 2008 வரை, சுமார் 2.5 கோடி டாலர் செலவில், டூபான்ட் சேர்த்த பகுதிகளை அகற்றி, மேடிசன் ஓய்வுபெற்று அங்கே வாழ்ந்த 1820-களின் தோற்றத்துக்கு வீட்டைக் கொண்டுவந்தார்கள். மேடிசன் காலத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது மேரியனின் விருப்பமாகவும் இருந்தது. ஆனால் வெறும் விருப்பத்தை வைத்து இடித்துவிட முடியாது. மேடிசன் காலத்து வீட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று முதலில் சுவரைச் சோதித்தார்கள். நிறையவே மிஞ்சியிருந்தது. டூபான்ட் வீட்டுத் தச்சர்கள் பழைய கதவுகளையும் மரவேலைகளையும் எறியாமல் அதே வீட்டின் வேறு மூலைகளில் பயன்படுத்தியிருந்தார்கள். சுவருக்குள் எலி கட்டியிருந்த கூட்டில் மேடிசனின் கையெழுத்துள்ள காகிதத் துணுக்குகூடக் கிடைத்தது. மேரியன் தன் ரசனைப்படி அமைத்திருந்த சிவப்பு அறையை மட்டும் கழற்றி, பார்வையாளர் மையத்தில் மறுபடி பொருத்தி வைத்திருக்கிறார்கள். இதை நல்ல சமாதானம் என்பவர்கள் உண்டு. வீட்டை விட்டுப் பிரிந்த அறை வெறும் காட்சிப்பொருள்தான் என்பது என் கட்சி. வகுப்பில் எந்தப் பக்கம் நின்றும் வாதாடலாம். ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு அமெரிக்காவில் நான்கு பெயர்களை வைத்திருக்கிறார்கள். உள்துறை அமைச்சரின் பெயரில் வெளியாகும் விதிமுறைகளில் இவை வருகின்றன. இருப்பதை இருக்கிறபடி காத்து, பல காலத்து மாற்றங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்வது முதல் வழி. இரண்டாவது, கட்டடத்தின் குணம் கெடாமல் இன்றைய பயன்பாட்டுக்கு மாற்றுவது. பழைய நூற்பாலையைக் குடியிருப்பாக்குவது இந்த வகை. ஒரு குறிப்பிட்ட காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பின் வந்ததை நீக்கி மீட்டெடுப்பது மூன்றாவது. மான்ட்பீலியர் இதில் வரும். அழிந்தே போனதை ஆதாரங்களை வைத்துப் புதிதாகக் கட்டுவது நான்காவது. முதல் பருவத்தில் இந்த நான்கும் மண்டையில் ஏறிவிட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான வேலை இரண்டாவது வகைதான், காரணம் பணம். பணக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது என்பதற்கு நியூயார்க் போக வேண்டும். அங்கே 1910-ல் கட்டிய பென்சில்வேனியா ரயில் நிலையம், ரோமானியக் குளியல் மண்டபங்களைப் பார்த்து வடிவமைத்த பிரம்மாண்டமான கட்டடம். ரயில் கம்பெனிக்கு வருமானம் குறைந்தது, நிலையத்தின் தலைக்கு மேலிருக்கும் வெளியைப் புதுக் கட்டடம் எழுப்ப விற்றார்கள், 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது. கட்டடக் கலைஞர்கள் தெருவில் நின்று போராடிப் பார்த்தார்கள். தடுக்க எந்தச் சட்டமும் கையில் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1965 ஏப்ரலில், நியூயார்க் நகரம் தன் சின்னங்களைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1966-ல் நாடு முழுக்கப் பொருந்தும் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே சமயத்தில், 1964-ல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மார்ஸ்டன் ஃபிட்ச் இதற்கென ஒரு வகுப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் இத்துறையின் முதல் முதுகலைப் படிப்பாக வளர்ந்தது அதுதான். இன்று கார்னெல், பென்சில்வேனியா என்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுகள், கடைசியில் ஆய்வேடு.

வகுப்பில் என்ன செய்வார்கள்? முதல் வேலை, கட்டடத்தை வாசிப்பது. ஒரு வீட்டை ஒப்படைத்து, 'இது எப்போது கட்டியது, எத்தனை முறை மாற்றியது?' என்று கேட்பார்கள். டேப்பும் லேசர் ஸ்கேனரும் எடுத்துக்கொண்டு அங்குல அங்குலமாக அளந்து வரைபடம் போட வேண்டும். வெறுமனே பார்க்கும்போது தெரியாத கோணல், அளக்கும்போது தெரியும். ஓர் அறையின் உள்ளளவும் வெளியளவும் ஒத்துவராவிட்டால் நடுவே எதையோ மூடியிருக்கிறார்கள் என்று பொருள்; பழைய அடுப்புப் புகைபோக்கியாக இருக்கலாம்.

அப்புறம் ஆணி. இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரம் என்பதால் ஆணி பேசும். கொல்லன் கையால் அடித்த ஆணி, தலை ஒழுங்கில்லாமல் இருக்கும்; 1790-கள் வரை அதுதான். அதன்பின் இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய சதுர ஆணி ஒரு நூற்றாண்டு ஆண்டது. இன்று நாம் பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி 1880-களுக்குப் பிறகே பரவலானது. பலகையில் அரம்பத்தின் தடத்தையும் பார்க்கலாம். தடங்கள் நேர்கோடாக இருந்தால் மேலும் கீழும் இயங்கிய பழைய அரம்பம்; வளைவாக இருந்தால் வட்ட அரம்பம், அதாவது பெரும்பாலும் 1830-களுக்குப் பிந்தையது. ஆனால் ஒன்று: பிந்தைய ஆணி இருப்பதால் வீடே பிந்தையது என்று சொல்லிவிட முடியாது. யாரோ பழுது பார்த்திருக்கலாம். பழைய பலகையை வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்தும் பொருத்தியிருக்கலாம். ஒரு தடயத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னால் வகுப்பில் கிழித்துவிடுவார்கள்.

தடயத்தைச் சரிபார்க்க ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். பத்திரம், வரிப் பதிவு, உயில், பழைய புகைப்படம் எல்லாம் உதவும். அமெரிக்காவில் கூடுதலாக ஒரு புதையல் உண்டு: சான்பார்ன் வரைபடங்கள். 1867-லிருந்து தீவிபத்துக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய் வரைந்தவை. செங்கல் கட்டடம் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். சில வருட இடைவெளியில் வந்த இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் பின்கட்டு முளைத்தது கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு இடம் தீப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், நூறு ஆண்டு கழித்து வரலாற்று மாணவர்களுக்கு உதவுவோம் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்தது ஆய்வுக்கூடம். சுவரிலிருந்து ஒரு துண்டு சாந்தை எடுத்துப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணல் அடியில் தங்கும். அதைக் கழுவி, காயவைத்து, சல்லடைகளில் சலித்து, பருமனையும் நிறத்தையும் குறிப்பார்கள். இந்த விவரம் எதற்கு? பழுது பார்க்கும்போது அதே வகைச் சாந்தைத் தயாரிக்க. 'சிமெண்ட் இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சுவர் உறிஞ்சிய நீர் சாந்தின் வழியே ஆவியாகும். அதோடு வரும் உப்பும் அங்கேயே படியும். சாந்து உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். மூட்டுகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் ஈரத்துக்கு வேறு வழி கிடையாது. செங்கல்லின் முகத்தின் வழியேதான் போக வேண்டும். உப்பு பூத்து, முகம் பொரிந்து, செங்கல்லே உதிரும். பழுது பார்த்ததே கட்டடத்தைக் கொல்லும் கதை இது. காரைக்குடிப் பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசிப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

பெயின்ட் பாடமும் சுவாரசியம். சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ கூரான கத்தியால் மரம்வரை ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, ரெசின் என்ற பிசினில் பதித்து, பக்கவாட்டாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், எத்தனை முறை வண்ணம் பூசினார்களோ அத்தனை அடுக்கும் வரிசையாகத் தெரியும். இரண்டு அடுக்குக்கு நடுவே மெல்லிய அழுக்குக் கோடு இருந்தால் அந்த நிறம் சில காலம் வெளியில் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் அது மேல்பூச்சுக்கு முந்தைய அடிப்பூச்சாக இருக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆளி விதை எண்ணெய் கலந்த பெயின்ட் இருட்டில் மஞ்சளாகும். அடியில் இருக்கும் அடுக்கைப் பார்த்து 'க்ரீம் கலர்' என்று எழுதிவிடக் கூடாது. வெளிச்சத்தில் சில நாள் வைத்துப் பார்த்தால் அது வெள்ளையாக இருந்தது தெரியவரும்.

தத்துவ வகுப்பைப் பலர் தூக்கம் வரும் வகுப்பு என்று நினைத்துப் போவார்கள். அங்கேதான் சண்டை அதிகம். 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர், பழைய கட்டடத்தை அது என்றைக்குமே இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுவரலாம் என்று வாதிட்டார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின், அப்படி மீட்டெடுப்பதே கட்டடத்துக்குச் செய்யும் மிகப் பெரிய சேதம் என்றார். அன்றாடம் கவனித்துப் பராமரித்தால் மீட்டெடுக்க வேண்டிய நிலையே வராது என்பது அவர் கட்சி. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அதன் இடைக்காலக் கோபுரத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துவிட்டார்கள். 1859-ல் வியோலே-லெ-டுக் புதிதாக, உயரமாக ஒன்று கட்டினார். அது 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் விழுந்தது. நவீன வடிவில் கட்டலாமா என்று உலகமே யோசனை சொன்னது. கடைசியில் வியோலே-லெ-டுக் வடிவையே அப்படியே மறுபடி கட்டி, 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திறந்தார்கள். இடைக்காலக் கட்டடத்தின் மேல் 19-ஆம் நூற்றாண்டுக் கற்பனை, அதற்கு 21-ஆம் நூற்றாண்டு நகல். இதில் எது உண்மையான நோத்ர தாம்?

1964-ன் வெனிஸ் சாசனம், அதாவது நிபுணர்கள் கூடி வகுத்த பாதுகாப்பு நெறிகள், இதற்கு ஓர் எல்லை போட்டது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சாசனம் கல் கட்டடங்களை நினைத்து பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதியது. ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தில் முழுக்கத் திரும்பக் கட்டுகிறார்கள்; கடைசியாக 2013-ல் கட்டினார்கள். மரம் புதிது, கைவேலை பழையது. 1994-ல் நாரா நகரில் கூடிய நிபுணர்கள், உண்மைத்தன்மையை ஒவ்வொரு பண்பாட்டுக்குள்ளும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அதே சமயம் திருப்பணி என்ற பெயரில், மணலை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் மணல்வீச்சு வைத்துக் கல்வெட்டையும் சிற்பத்தையும் தேய்த்த கதையும் நமக்குத் தெரியும். அமெரிக்க விதிமுறைகளின் பழைய பதிப்பும் மணல்வீச்சைப் பெயர் சொல்லியே தடுத்தது.

சட்டமும் பணமும் இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. அமெரிக்காவில் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஒரு வீடு ஏறிவிட்டால் அதை யாரும் தொட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தக்காரர் சொந்தப் பணத்தில் இடித்தால் அந்தப் பதிவேடு தடுக்காது! நடுவண் அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் என்றால்தான் 1966 சட்டத்தின் 106-ஆம் பிரிவு வரும். அதுவும் 'நிறுத்து' என்று சொல்வதில்லை. பாதிப்பைக் கணக்கில் எடு, மாநில அதிகாரியோடும் மக்களோடும் கலந்து பேசு என்றுதான் சொல்கிறது. உண்மையில் பல் உள்ள சட்டம் நகராட்சிகளுடையது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் உயர்ந்த கோபுரம் எழுப்ப ரயில் கம்பெனி திட்டமிட, நகர ஆணையம் மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் நகரம் ஜெயித்தது. இந்தியச் சட்டம் வேறு தினுசு. நடுவண் அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஒரு வட்டம் போட்டு முடித்துவிடுகிறது. வட்டத்துக்கு வெளியே இருக்கும் சாதாரணத் தெருவை அது கேட்பதில்லை. அமெரிக்க முறை இழுவைதான், ஆனால் தெருவையும் கேட்கிறது.

பணம் என்றேனே, அது வரிச்சலுகை. பதிவேட்டில் ஏறிய, வருமானம் தரும் பழைய கட்டடத்தை விதிமுறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் நடுவண் வருமான வரியில் கழியும், ஐந்தாண்டாகப் பிரித்து. சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. பழைய ஆலைகளும் கிடங்குகளும் வீடுகளாக மாறுவதற்கு இதுதான் பெரிய தூண்டுகோல். ஜன்னலை மாற்றலாமா, பழசையே சரிசெய்ய வேண்டுமா என்ற சின்ன விஷயத்தில் சலுகையே போய்விடலாம் என்பதால், இதைப் படித்தவர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொள்கிறார்கள்.

பதிவேட்டில் ஏற்ற நான்கு அடிப்படைகள் உண்டு: நிகழ்ச்சி, மனிதர், வடிவமைப்பு, இன்னும் கிடைக்கக்கூடிய தகவல். பொதுவாக 50 வயதும் ஆகியிருக்க வேண்டும். நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கடை வடிவத்தில் ஒன்றுமே இல்லாத கட்டடம். 1969-ல் அங்கே போலீசை எதிர்த்துத் தன்பாலீர்ப்பினர் எழுந்ததால் அது 1999-ல் பதிவேட்டில் ஏறியது. அப்போது அந்த நிகழ்ச்சிக்கு முப்பது வயதுதான். மிக முக்கியமானது என்றால் 50 ஆண்டு விதிக்கு விலக்கு உண்டு. மான்ட்பீலியரிலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த வீட்டையும் பண்ணையையும் நடத்திய உழைப்பு அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களுடையது. அவர்களுடைய வாரிசுகளுக்கு நிர்வாகக் குழுவில் சம இடம் தருவதா என்று பெரிய தகராறு நடந்து, 2022-ல் அவர்கள் தரப்பினர் குழுவில் அமர்ந்தார்கள். வீட்டின் எந்தக் காலம் என்ற கேள்வி, யாருடைய வீடு என்று மாறிவிட்டது. இன்றைய ஆய்வேடுகளில் கணிசமானவை இந்தத் திசையில்தான் போகின்றன.

சேர்வதற்கு என்ன வேண்டும்? அமெரிக்காவில் பெரும்பாலும் ஏதோவொரு இளநிலைப் பட்டம் போதும். வரலாறு, மானுடவியல், வேதியியல் படித்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். கட்டடக் கலை படித்தவருக்கு வரைவது எளிது, எழுதுவது கஷ்டம். வரலாறு படித்தவருக்கு நேர்மாறு. இந்தியாவில் தில்லி, போபால் எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) கல்லூரிகளில் எம்.ஆர்க். வழியாகப் படிக்க வேண்டும் என்றால் முதலில் பி.ஆர்க்., அதாவது கட்டடக் கலை இளநிலைப் பட்டம், இருக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் பல்கலைக்கழகச் செலவு மிக அதிகம். உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கிக் கிளம்ப வேண்டாம் என்பேன். நடுவண் அரசு வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தனியார் ஆலோசனை நிறுவனங்களும் கட்டடப் பொருள் ஆய்வுக்கூடங்களுமே வெளிநாட்டு மாணவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தோடு பல இடங்களில் ஒரு கட்டுரையும் கேட்பார்கள். தாஜ் மகாலைப் பற்றி எழுதாதீர்கள், ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். உங்கள் ஊர் ரயில் நிலையமோ, மூடிய சினிமா கொட்டகையோ, தாத்தா வீடோ போதும். ஒரு நாள் முழுக்க அதை அளந்து வரையுங்கள், பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எந்தச் சுவரை எப்போது எடுத்துக் கட்டினார்கள் என்று கேளுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்திலிருந்து கட்டுரையை ஆரம்பியுங்கள்.